சீட்டு கொடுத்து அனுப்பினால் போதுமா? நியூயார்க்கின் பள்ளி நர்ஸ் சோதனை, 1902

1902 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் நோயைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய கணக்கு 10,567. அடுத்த ஆண்டு அதே செப்டம்பரில் அது 1,101. பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போய்விட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. பிள்ளைகள் குடியிருந்தது அதே இருட்டு அடுக்குக் குடியிருப்புகளில்தான். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நர்ஸ் வந்தார், பிறகு பலர் வந்தார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

பள்ளிச் சுகாதாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் தவறாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "எப்பேர்ப்பட்ட வெற்றி" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். அந்த ஓராண்டில் பேனும் சிரங்கும் பத்தில் ஒன்பது பங்கு ஒழிந்துவிட்டன என்று நான் நம்பவில்லை. நோயோடு வந்த பிள்ளையைப் பள்ளி என்ன செய்தது என்பதுதான் தலைகீழாக மாறியது. வெற்றி என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பதும் அனுப்புவதும்

பள்ளிக்குள் டாக்டர் நுழைந்த கதை நர்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்தபின் ஒரே அறையில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவும் செங்காய்ச்சலும் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போக இதைவிட வசதியான இடம் வேண்டுமா? பாஸ்டன் நகரம் 1894-இல், டிப்தீரியா பரவிய நேரத்தில், ஊரை 50 வட்டங்களாகப் பிரித்து வட்டத்துக்கு ஒரு டாக்டர் என்று பள்ளிகளுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு சிகாகோ. 1897-இல் நியூயார்க் சுமார் 150 டாக்டர்களைப் பகுதி நேரமாக அமர்த்தியது.

அவர்களுக்கு இடப்பட்ட வேலை, தொற்று உள்ள பிள்ளையைக் கண்டுபிடித்து வகுப்பிலிருந்து விலக்குவது. குணப்படுத்துவது அவர்கள் வேலை இல்லை. ஊர் டாக்டர்களின் வருமானத்தில் நகராட்சி கைவைக்கக் கூடாது என்ற கவலையும் அந்தக் காலத்தில் உண்டு. சம்பளம் மாதம் 30 டாலர், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போலத்தான் வேலை. அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு பள்ளிகளைச் சுற்றிவர வேண்டும். சந்தேகப்பட்ட பிள்ளையை ஆசிரியர் நிறுத்தி வைப்பார், டாக்டர் வந்து ஒரு பார்வை பார்ப்பார், போவார். பின்னாளில் நகரத்தின் குழந்தை நலத் துறைக்கே தலைவரான ஜோசபின் பேக்கர் இந்த 30 டாலர் வேலையில்தான் தொடங்கினார். அந்தப் பரிசோதனை எவ்வளவு ஒப்புக்கு நடந்தது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1902 ஜனவரியில் சீர்திருத்த அணியின் சேத் லோ மேயரானார். சுகாதார ஆணையராக எர்ன்ஸ்ட் லெடர்லே வந்தார். இவர் டாக்டர் இல்லை, வேதியியலாளர். வந்ததும் ஒப்புக்கு நடந்த பரிசோதனையை உண்மையான பரிசோதனையாக்கினார். இனி டாக்டர் வகுப்பு வகுப்பாகப் போக வேண்டும், ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க வேண்டும். கண்ணிமையை விலக்கு, தொண்டையைப் பார், தலைமுடியைப் பிரி, கை விரல் இடுக்கைப் பார். அதோடு, தொற்று என்று தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பு.

இப்படிப் பார்த்தால் கிடைக்காமல் போகுமா? கீழ் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் தலைக்குத் தலை பேன். பிறகு படர்தாமரை, சிரங்கு, முகத்தில் பொருக்குத் தட்டும் சீழ்க்கொப்புளம், கண்வலி. எல்லாவற்றுக்கும் மேலே டிரக்கோமா. இமையின் உட்புறத்தில் மணல்மணலாகத் தடித்து, வருடக்கணக்கில் உறுத்தி, கடைசியில் பார்வையையே பறிக்கக்கூடிய நோய் அது. இந்த நோய் உள்ள குடியேறிகளை 1897 முதலே அமெரிக்கா துறைமுகத்தில் வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நோய் பள்ளியிலும் இருக்கிறது என்றதும் அதிகாரிகள் பதறினார்கள். 10,567 என்ற எண் இப்படி வந்ததுதான். பரிசோதனை மோசமாக நடந்ததால் வந்த எண் இல்லை, நன்றாக நடந்ததால் வந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் இந்த நிகழ்வே புரியாது.

அந்தச் சீட்டுக்கு அப்புறம்

திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் நோயின் பெயர் ஆங்கிலத்தில், பல நேரம் மருத்துவச் சொல்லாகவே எழுதியிருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழி, இல்லையென்றால் இத்தாலியம். சீட்டு அடுப்பு மேடையில் கிடக்கும். படித்துச் சொல்ல யாராவது கிடைத்தாலும், இலவச மருந்தகத்தில் வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்துக்கு அரை நாள் என்றால் அரை நாள் வருமானம்.

அதனால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ளும், தைத்த துணிக்குப் பொத்தான் வைக்கும். பிற்பகல் பள்ளி விட்டதும் தெருவுக்கு ஓடி, காலையில் யாரிடமிருந்து பிரித்து வைத்தார்களோ அதே கூட்டாளிகளோடு தலையோடு தலை முட்டி விளையாடும். வகுப்பைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றால், அந்த ஒரு நோக்கம்கூட நிறைவேறவில்லை. பாடம் போனதுதான் மிச்சம்.

அதே கிழக்குப் பகுதியின் ஹென்றி தெருவில் நர்ஸ்களின் சேவை மையம் ஒன்றை நடத்தி, 1890-களிலிருந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவந்த நர்ஸ் லிலியன் வால்ட் இதை நேரில் கண்டவர். ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவன் பள்ளிக்கூடத்தில் இருந்ததே இல்லை. போகாமல் இல்லை, போனான். போகும்போதெல்லாம் தலையில் புண் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வால்ட் டாக்டரிடம் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி, எப்படித் தடவுவது என்று வீட்டில் காட்டிக் கொடுத்தார். புண் ஆறியது. அந்தச் செப்டம்பரில் அவன் முதல் தடவையாக வகுப்பில் உட்கார்ந்தான். கொஞ்சம் களிம்பும், அதைத் தடவ ஒரு ஆளும் இல்லாததால் ஒரு பையனின் பள்ளிப் பருவத்தில் பாதி போயிருந்தது.

ஒரு மாதம், நான்கு பள்ளிகள்

லெடர்லேயின் புதிய பரிசோதனையால் வகுப்புகள் காலியாகத் தொடங்கியதும் வால்ட் ஒரு யோசனை சொன்னார். எங்கள் நர்ஸ் ஒருவரை ஒரு மாதம் தருகிறோம், சம்பளம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: வேலை பலித்தால் நகராட்சி தன் பணத்தில் இதை எடுத்து நடத்த முயல வேண்டும். சோதனை தொடங்குவதற்கு முன்பே அதிகாரிகளிடம் அந்த வாக்கை வாங்கிக்கொண்டார். எத்தனையோ நல்ல முயற்சிகள் முன்னோடித் திட்டம் என்ற பெயரிலேயே நின்று போவதைப் பார்த்தவர்களுக்கு, வால்டின் இந்த முன்யோசனை நர்ஸை அனுப்பியதைவிடப் பெரிய விஷயமாகத் தெரியும்.

1902 அக்டோபரில் லினா ராஜர்ஸ் வேலையைத் தொடங்கினார். கனடாக்காரர், டொரண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். அதிகமாகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய பள்ளிகளாகப் பார்த்து நான்கைக் கொடுத்தார்கள். நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகள். இதற்கென்று ஒரு அறை எந்தப் பள்ளியிலும் கிடையாது. கிடைத்த மூலையில் வேலை நடந்தது. பகலில் பள்ளி பள்ளியாகப் போவார். பள்ளி வேலை முடிந்ததும், திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வீட்டுப் படிகளை ஏறுவார். அந்தக் கட்டடங்கள் ஐந்து ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது.

அவர் தன் இஷ்டத்துக்கு வைத்தியம் பார்க்கவில்லை. எந்த நோய்க்கு என்ன செய்யலாம் என்று சுகாதாரத் துறை வகுத்த முறைப்படிதான் நர்ஸ்கள் நடந்தார்கள். அந்த முறைகளைப் பார்த்தால் அவற்றின் எளிமைதான் முதலில் கண்ணில் படும். சிரங்கா, சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி கந்தகக் களிம்பு தடவு. சீழ்க்கொப்புளமா, சோப்பால் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, பாதரசம் கலந்த வெள்ளைக் களிம்பு. கண்வலிக்குப் போரிக் அமிலக் கரைசலால் கண் கழுவு.

பேனுக்கான முறை கொஞ்சம் நீளம். மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சரிபாதி கலந்து தலை முழுக்க ஊறும்படி தடவ வேண்டும். மறுநாள் ஒரு குவார்ட் தண்ணீரில், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டரில், ஒரு டீஸ்பூன் பொட்டாசியம் கார்பனேட் கரைத்து அலசி, அப்புறம் சோப்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். பேன் செத்துவிடும், ஆனால் ஈர் முடியை விடாது. சூடான வினிகரில் முடியை நனைத்தால் ஈரின் பசை இளகும். அதற்கப்புறம் பேன்சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருநாள் தடவிவிட்டு நிறுத்தினால் ஈர் பொரித்து மறுபடி தொடங்கிவிடும். மறுநாள் வேலையும் வினிகரும் சீப்பும் வீட்டில் நடக்க வேண்டியவை என்பதால்தான் படி ஏறிப்போய் அம்மாவுக்குக் காட்டிக் கொடுப்பது அவசியமாக இருந்தது. மண்ணெண்ணெய்த் தலையோடு அடுப்புப் பக்கம் பிள்ளை போகக் கூடாது என்பதையும் யாராவது நேரில் சொல்லியாக வேண்டும். சீட்டில் எழுதி அனுப்புகிற விஷயமா இது?

எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தது படர்தாமரைக்கான முறைதான். முகத்திலோ உடம்பிலோ வட்டம் வட்டமாக இருந்தால் சோப்பால் கழுவிவிட்டு, மேலே கொலோடியன் பூச வேண்டும். இது பூசியதும் காய்ந்து மெல்லிய தோல்போல ஒட்டிக்கொள்ளும் திரவம். புண் மூடப்பட்டுவிடும், அடுத்த பிள்ளைமேல் படாது. மூடியாயிற்று என்றால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் காரணமே இல்லை, வகுப்பிலேயே உட்காரலாம். முன்பு நோயைத் தடுப்பதற்குப் பிள்ளையை அகற்றினார்கள். இப்போது நோயை மூடிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். 1902-இன் மாற்றம் முழுவதையும் அந்த ஒரு தூரிகைப் பூச்சில் பார்த்துவிடலாம்.

ஒரு மாதம் முடிந்ததும் நகராட்சி தயங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு நர்ஸ்கள் சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் 30,000 டாலர் ஒதுக்கப்பட்டது. நர்ஸ்களுக்கு மேற்பார்வையாளராக ராஜர்ஸ் ஆனார். லண்டனில் 1892-லேயே ஒரு மாவட்ட நர்ஸ் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார், 1898-இல் அங்கே பள்ளி நர்ஸ்களுக்கென ஒரு சங்கமும் வந்தது. அது தர்ம காரியமாக நடந்தது. நகராட்சிப் பணத்தில், சுகாதாரத் துறையின் சம்பளப் பட்டியலில் பள்ளி நர்ஸ் இடம்பெற்றதில்தான் நியூயார்க்குக்கு முதன்மை.

அந்த இரண்டு எண்கள்

சரி, 10,567 எப்படி 1,101 ஆனது?

நோய் குறைந்திருக்கலாம், கொஞ்சம். ஒரு பிள்ளையின் தலை சுத்தமானால் பக்கத்துத் தலைக்கும் பலன் உண்டு. ஆனால் பெரும்பங்கு வேறு வழியில் வந்தது. 1902 செப்டம்பரில் பேன் இருந்தால் வெளியே. 1903 செப்டம்பரில் பேன் இருந்தால் நர்ஸிடம் போ, வைத்தியம் பார்த்துக்கொள், வகுப்புக்குத் திரும்பு. முன்பு வெளியே அனுப்பிய கணக்கில் ஏறிய அதே பிள்ளை இப்போது சிகிச்சைக் கணக்கில் ஏறுகிறது. வைத்தியத்துக்கு ஒத்துழைக்காத வீடுகளுக்கும், வகுப்பில் வைத்திருக்கவே முடியாத நோய்களுக்கும் மட்டும் வெளியனுப்புதல் மிஞ்சியது.

விதியை மாற்றிவிட்டு எண் குறைந்தது என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். நோய்க் கணக்காக அதைக் காட்டினால் ஏமாற்றுதான். வருகைக் கணக்காகப் பார்த்தால் அப்பட்டமான உண்மை. 1902-இல் வகுப்பில் இல்லாத பிள்ளை 1903-இல் வகுப்பில் இருந்தது. நர்ஸ் இல்லாமல் விதியை மட்டும் தளர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண் அப்போதும் குறைந்திருக்கும், கூடவே பெஞ்சுக்குப் பெஞ்ச் சிரங்கு பரவியிருக்கும். நர்ஸ் இருந்ததால்தான் விதியைத் தளர்த்த முடிந்தது. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன.

டாக்டர்களைக் குறைசொல்லி நர்ஸை உயர்த்துவதும் எனக்கு ஒப்பாது. டாக்டர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிரித்துக் கொடுக்காமல் இருந்தால், ஒரு நர்ஸ் 10,000 பிள்ளைகளில் யாரைத் தேடுவார்?

கைக்கு எட்டாதவை

டிரக்கோமா நர்ஸின் களிம்புக்கு அடங்கவில்லை. அதைக் குணப்படுத்தக்கூடிய சல்ஃபா மருந்துகள் வர இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. அன்றைய வைத்தியம் இமையைத் திருப்பி மயில்துத்தக் கல்லால் தேய்ப்பது, முற்றியிருந்தால் இமைக்குள் இருக்கும் மணிகளை இடுக்கியால் நசுக்கி எடுப்பது. இரண்டும் உயிர்போகும் வலி, மாதக்கணக்கில் நீளும். பள்ளி மூலையில் வைத்துச் செய்ய முடியாத வேலை. கண் நோய்க்கென்று தனி மருத்துவமனை வசதி செய்ய வேண்டி வந்தது.

வீடுகளின் நிலைமையும் நர்ஸின் கையில் இல்லை. 1901-இல் புதிய குடியிருப்புச் சட்டம் வந்திருந்தாலும் பழைய கட்டடங்களில் பல குடும்பங்களுக்கு நடையில் ஒரே குழாய், முற்றத்தில் கழிப்பிடம். சிரங்குக்குக் களிம்பு தடவினால் போதாது, படுக்கைத் துணியையும் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீரை மாடி மாடியாகத் தூக்கி, ஒரே அடுப்பில் காய்ச்சி, நாலைந்து பேர் படுத்த விரிப்பைத் துவைத்து, குளிர்காலத்தில் எங்கே உலர்த்துவது? நர்ஸ் காட்டிக் கொடுத்ததை அம்மா செய்யவில்லை என்றால் எல்லா நேரமும் அலட்சியம் காரணமில்லை.

நம்பிக்கையின் கதை இன்னொன்று. 1906 ஜூன் மாதம் நடந்ததைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. அதற்குள் பள்ளி மருத்துவம் பேன், சிரங்கைத் தாண்டி தொண்டையில் வீங்கும் டான்சில், மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதை வரை போயிருந்தது. மூக்கடைத்து வாயால் மூச்சு விடும் பிள்ளைகள் வகுப்பில் மந்தமாக இருக்கிறார்கள், அறுவை சிகிச்சை செய்தால் தெளிந்துவிடுவார்கள் என்பது அன்றைய டாக்டர்களின் உறுதியான நம்பிக்கை. பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துவரச் சொன்னார்கள், பலர் வரவில்லை. அப்படியானால் டாக்டர்களே பள்ளிக்கு வந்துவிடுகிறோம் என்று, சம்மதச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பள்ளியிலேயே அறுவை செய்தார்கள்.

பிள்ளைகள் வாயில் ரத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். பள்ளியில் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. கிழக்குப் பகுதியின் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். கல் பறந்தது, ஜன்னல்கள் உடைந்தன, போலீஸ் வந்துதான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. அறியாமையால் வந்த கலவரம் என்று பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் அந்தத் தாய்மார்களில் பலர் ரஷ்யப் பேரரசில் யூதர்கள்மேல் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்கள். 1903-இல் கிஷினேவ். 1906-இல் பியாலிஸ்டோக், அதுவும் அதே ஜூன் மாதம், இந்தக் கலவரத்துக்கு இரண்டு வாரத்துக்குள். அரசாங்கத்தின் ஆட்கள் பிள்ளைகளை அறுக்கிறார்கள் என்ற செய்தி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

கையெழுத்து வாங்கிய சீட்டு டாக்டர்களிடம் இருந்தது உண்மைதான். 1902-லும் சீட்டு இருந்தது. இரண்டு தடவையும் சீட்டைப் பெற்றவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் இல்லை. நான்கு ஆண்டாக நர்ஸ்கள் படி ஏறிச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையை டாக்டர்கள் சில நாட்களில் கரைத்துவிட்டார்கள்.

கோடை விடுமுறை

நர்ஸ் முறை அமெரிக்காவின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. இங்கிலாந்து 1907-இல் சட்டம் போட்டுப் பள்ளி மருத்துவப் பரிசோதனையை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுக்கும்போது இளைஞர்கள் பாதி நோயாளிகளாக வந்து நின்றதில் பிறந்த பதற்றம் அதற்குப் பின்னால் இருந்தது. அது தனிக் கதை. அங்கேயும் முதலில் பரிசோதனைதான் கட்டாயம், சிகிச்சை இல்லை. நியூயார்க் கற்ற பாடத்தை அவர்கள் தங்கள் பங்குக்கு மறுபடி கற்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் இந்த நர்ஸ்களைக் கொண்டே அடுத்த காரியமும் நடந்தது. 1908 கோடையில் பள்ளிகள் மூடியதும் அவர்களுக்கு வேலை இல்லை. ஜோசபின் பேக்கர் சுமார் முப்பது பேரை வாங்கிக்கொண்டார். கிழக்குப் பகுதியின் ஒரு வட்டத்தில் பிறப்புப் பதிவேட்டிலிருந்து தினமும் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் முகவரிகளை எடுத்துக் கொடுத்தார். பிறந்த மறுநாளே நர்ஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறபோதே போய்த் தாய்ப்பால், குளிப்பாட்டுதல், காற்றோட்டம், உடுப்பு பற்றிச் சொல்லிவர வேண்டும். அந்தக் கோடையில் அந்த வட்டத்தில் முந்தைய கோடையைவிட 1,200 குழந்தைச் சாவுகள் குறைந்தன என்பது பேக்கர் தரும் கணக்கு. அதே ஆண்டு நகரத்தில் குழந்தை நலத்துக்கென்று தனித் துறை அமைந்தது, பேக்கர் அதன் தலைவரானார்.

வீடுகளுக்குப் போன நர்ஸ்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அக்காக்களையும் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பேக்கரின் துறை அந்தச் சிறுமிகளுக்காகவே பள்ளிகளில் 'குட்டித் தாய்மார்' சங்கங்களைத் தொடங்கியது. பாலைக் கெடாமல் வைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, வெயில் காலத்தில் என்ன உடுத்துவது என்று நர்ஸ்களும் டாக்டர்களும் அவர்களுக்கு நேராகவே சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போன அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பிள்ளைகள்தான்.